‘நாம’ வர வேண்டிய இடத்தில்

பெரிய தவறுகளைக் கண்டுபிடிக்க இப்போது ஆட்கள் தேவைப்படுவதில்லை. நிரலை எழுதுவதும் இயந்திரம், அதைச் சோதிப்பதும் இயந்திரம். உயிருக்கு ஆபத்தானவை, கருவியை அப்படியே நிறுத்திவிடுபவை எல்லாம் வெளியே வருவதற்கு முன்பே பிடிபட்டுவிடும். மனிதர்களுக்கென்று மிஞ்சுவது சின்னத் தவறுகள்தான். யாரையும் கொல்லாதவை, கொஞ்சம் உறுத்துபவை. அவற்றில் எதை முதலில் சரிசெய்வது என்று முடிவுசெய்யத்தான் பூங்கோதைக்குச் சம்பளம்.

பெரிய வேலை செய்து களைத்தவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. சின்ன வேலையில் வரும் களைப்பை வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ள முடிவதில்லை. "இன்னைக்கு என்ன பண்ணின?" என்று கணவன் இளவரசு கேட்டால், "ஒரு காற்புள்ளியைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினோம்" என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்வதில்லை. அவனும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் அவர்கள் அலுவலகம். அங்கே உருவாகும் கருவிக்குப் பெயர் குரலி. பக்கவாதத்தாலோ தொண்டைப் புற்றாலோ பேச்சை இழந்தவர்களுக்கானது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு மெல்லிய வலை, கழுத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு ஒலிபெருக்கி. சொல்ல நினைப்பதை வலை படித்துக்கொள்ளும், பொத்தான் பேசும். பழைய கல்யாண வீடியோக்களிலிருந்தும் ஃபோனில் அனுப்பிய குரல் செய்திகளிலிருந்தும் எடுத்து, அவர்களுடைய சொந்தக் குரலிலேயே, சொந்த ஊர்ப் பேச்சிலேயே பேசும்.

வியாழக்கிழமை கூட்டத்தில் ஜெரால்ட் திரையைப் பார்த்துப் படித்தான். புதிய பதிப்புகளை வெளியிடும் ரிலீஸ் பொறுப்பு அவனுடையது.

"அடுத்தது. 'நாம' வர வேண்டிய இடத்தில் 'நாங்க' வருகிறது. மைனர். சிஸ்டம் குடுத்த மதிப்பெண் ரெண்டு. பேக்லாக்லயே இருக்கட்டும்."

"வந்த நாள்லேர்ந்து அந்த வெயிட்டிங் லிஸ்ட்லதான் இருக்கு," என்றாள் பூங்கோதை.

"அர்த்தம் புரியுதில்ல? 'நாங்க சாப்பிடலாம்'னு சொன்னா பக்கத்துல இருக்கறவங்களுக்குப் புரியாதா?"

"புரியும். எழுந்து வெளிய போயிடுவாங்க."

முபாரக் சிரித்துவிட்டான். நிரல் பக்கம் இருப்பவன், அவளைவிடப் பத்து வயது சின்னவன். "இது எப்படி வருதுன்னா, மூளையில வர்றதை நேரா தமிழாக்கறதில்ல ஜெரால்ட். நடுவுல எல்லா மொழிக்கும் பொதுவா ஒரு குறி இருக்கு. அதுல 'பேசறவரும் இன்னும் சிலரும்'னு ஒரே ஒரு பெட்டி. கேட்கறவங்க அந்தப் பெட்டிக்குள்ள உண்டா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதைச் செஞ்சவங்க பாஷையில அப்படி ஒரு கேள்வியே கிடையாது."

"அப்ப சரிபண்ணணும்னா?"

"பெட்டியை ரெண்டாக்கணும். அடி வரைக்கும் தோண்டணும்."

"மைனருக்காக அடி வரைக்கும் தோண்டறதா?" ஜெரால்ட் கண்களைத் தேய்த்துக்கொண்டான். அவனும் களைத்திருந்தான். "நாம இதை அப்புறம் பார்க்கலாம் பூங்கோதை."

இந்த அலுவலகத்தில் 'நாம' என்றால் 'நீ' என்று பொருள். நாம இதை முடிச்சிடலாம் என்றால் நீ முடி. நாம இதை விட்டுடலாம் என்றால் நீ வாயை மூடு. வீட்டிலும் அப்படித்தான். 'நாம கேஸ் புக் பண்ணணும்ல?' என்பான் இளவரசு. அந்தச் சொல் இவ்வளவு மலிந்து கிடக்கும்போது அதற்காக ஒருத்தி எதற்குச் சண்டை போட வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் அன்று மதியம் புகார் கொடுத்தவர்களில் ஒருவரை அவள் கூப்பிட வேண்டியிருந்தது. சின்னத் தவறுகளுக்கு அது ஒரு வழக்கம். யாராவது ஒருவரிடம் பேசி, 'கவனத்தில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

பெயர் துளசிமணி. பெருந்துறைக்குப் பக்கம். கணவர் சென்னியப்பன் குரலி போட்டிருப்பவர்.

"குரலியிலிருந்து பேசறேங்க. புகார் குடுத்திருந்தீங்க."

"ஆமாங்க. வெளிய வந்து பேசறேன், இருங்க." ஒரு கதவுச் சத்தம், கோழிகளின் சத்தம். "எங்கூட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வாய் போயிருச்சுங்க. ரெண்டு வருசம் ஒரு சொல்லு கிடையாது. சோறு ஊட்டறது, குளிக்க வாக்கறது, எல்லாம் நான்தான். அப்புறம் உங்க மிஷினு வந்துச்சு. அவரு குரலேதானுங்க, அப்படியே. நான் அழுதே போட்டேன்."

"சந்தோஷங்க."

"என்ன சந்தோசம். வந்ததும் மொதப் பேச்சு என்ன தெரியுங்களா? 'எங்கூட்டு மாமரம் காச்சிருக்குதா'ன்னாரு. எங்கிட்டக் கேக்கறாரு. நம்மூட்டுன்னு வரல, எங்கூட்டு! வழியில போறவகிட்டக் கேக்கற மாதிரி. அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தறவ நானுங்க."

பூங்கோதை அதைக் குறித்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் அப்படித்தான். எங்க தோட்டம், எங்க ஊரு, எங்க பொண்ணு. பொண்ணு மூத்தாளோட பொண்ணுதான், இல்லைங்கல. நான் ரெண்டாந்தாரமுங்க. சரஸ்வதின்னு மூத்தவிங்க பேரு, தவறிட்டாங்க. அந்தப் புள்ளைக்கு ஏழு வயசு, நான் இந்த ஊட்டுக்கு வந்தப்ப. சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினது நானு. வாய் நல்லா இருந்த காலத்துல அவரு அதிகம் பேச மாட்டாரு. 'ம்', 'சரி', அவ்வளவுதான். அப்ப என்ன நெனச்சாருன்னு எனக்கென்ன தெரியும்? இப்ப மிஷினு மனசுல இருக்கறதைத்தான் சொல்லுதுன்னு அந்த ஆஸ்பத்திரிப் பையன் சொல்லிக் குடுத்தானே."

"அது... மனசுல இருக்கறது எல்லாம் சரியா வரும்னு சொல்ல முடியாதுங்க."

"அதைத்தான் கேக்கறேன் அம்மிணி. எனக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லீருங்க. இது மிஷினு பண்ற தப்புன்னா நான் பாட்டுக்கு இருந்துக்கறேன். அவரு மனசுன்னா சொல்லீருங்க, கோபியில எந்தங்கச்சி இருக்கறா, வந்துருன்னு கூப்பிட்டுட்டே இருக்கறா. பொண்ணும் அப்பனைப் பார்த்துக்கறேன்னு சொல்லுது. சோறு ஊட்டறது பெருசில்லைங்க. யாரோ ஒருத்தியா இருந்து ஊட்டறதுதான்..."

'கவனத்தில் இருக்கிறது' என்ற வாக்கியம் பூங்கோதையின் வாயில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "அது மிஷின் தப்புதாங்க," என்றாள். "ஒரே பெட்டியில ரெண்டு வார்த்தையையும் போட்டு வெச்சிருக்காங்க. சரிபண்ணித் தரேன்."

"நெசமாங்களா?"

"நிஜமா."

அன்று அது உண்மைதான் என்று அவள் நம்பினாள்.

சோதனைப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு ரிலீஸுக்கு ஒரே ஒரு சின்னத் தவறை, சிஸ்டம் என்ன மதிப்பெண் கொடுத்திருந்தாலும், தன் பொறுப்பில் மேலே ஏற்றலாம். கை தூக்குவது என்பார்கள். பெரும்பாலும் யாரும் தூக்குவதில்லை. தூக்கியது வீண் என்று பிறகு தெரிந்தால் அது உங்கள் பெயரோடு நிற்கும். அந்த முறை பூங்கோதை வேறொன்றுக்காகத் தூக்க நினைத்திருந்தாள். பாட்டை முனகினால் குரலி அதைப் பேச்சாக மாற்றிவிடுகிறது என்று ஒரு பாட்டு டீச்சர் மூன்று முறை எழுதியிருந்தார். அவருக்கு இன்னொரு முறை 'கவனத்தில் இருக்கிறது' என்று பதில் போனது. அதை அவளே அனுப்பினாள்.

"இதுக்கா கை தூக்கற?" என்றான் ஜெரால்ட்.

"இதுக்குத்தான்."

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் பதில் சொல்ல ஒரு நொடி அதிகமாக எடுத்துக்கொண்டதில் இருவருக்கும் சங்கடமாகிவிட்டது.

முபாரக் அடி வரைக்கும் தோண்டினான். பெட்டியை இரண்டாக்கினான். பேசும்போது எதிரில் இருப்பவரை மனம் சேர்த்துக்கொள்கிறதா, விலக்கிவைக்கிறதா என்பதற்கு மூளையில் தெளிவாகவே ஒரு அடையாளம் இருந்தது. இத்தனை நாளும் வலை அதைப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போட்டுவைக்கப் பெட்டி இல்லாததால் கீழே சிந்திக்கொண்டிருந்தது. "பாவம்க்கா," என்றான் முபாரக், யாரைச் சொல்கிறான் என்று தெளிவில்லாமல்.

அப்டேட் போனது. சில நாட்களில் நன்றிகள் வந்தன. திண்டுக்கல்லில் ஒரு பெரியவர் பேரனிடம் 'நம்ம பட்டம்' என்றாராம், அதற்கு ஒரு குடும்பமே கூடி எழுதியிருந்தது. ஜெரால்ட் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "சரி, ஒத்துக்கறேன்," என்றான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்த களைப்பில் சந்தோஷத்தைக்கூட உட்கார்ந்துதான் வாங்கிக்கொள்ள முடிந்தது.

அடுத்த வாரம் துளசிமணியின் புகார் மறுபடி திறந்திருந்தது. ஒரே வரி. இன்னும் எங்கூடு என்றுதான் சொல்கிறார்.

சந்தேகம் வந்தால் சோதிப்பவர்கள் பதிவைப் பார்க்கலாம். குரலி போடும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பூங்கோதை மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டுத் திறந்தாள். அப்டேட் சரியாக இறங்கியிருந்தது. பெட்டிகள் இரண்டும் வேலை செய்தன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே, யாரிடம் சொன்னது என்று இருந்தது.

துளசிமணியிடம் சொன்னவை எல்லாம் ஒரே பெட்டியில். எங்க தோட்டம். எங்க ஊரு. நாங்க அப்பல்லாம் நடந்தே போவோம். மனம் தெளிவாக விலக்கிவைத்திருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

இன்னொரு பெட்டியும் காலியாக இல்லை. காலை நேரத்தில், துளசிமணி பால் வாங்கப் போயிருக்கும்போது, ஒலிபெருக்கியை மிகவும் தாழ்த்தி வைத்துக்கொண்டு பேசியவை. அவற்றுக்கு நேரே யார் பெயரும் இல்லை. அறையில் ஆள் இல்லை என்று கருவி குறித்திருந்தது.

'சரசு, நாம வெயிலுக்கு முன்னாலயே கெளம்பிரலாம்.'

'நம்ம பொண்ணு ஃபோன் பண்ணுச்சு சரசு.'

பூங்கோதை திரையை மூடினாள். பூட்டாத குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டதைப் போலக் கழுத்தெல்லாம் சூடாக இருந்தது. அந்த மனிதர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. போனவளோடு இருக்கிறார், அவ்வளவுதான். வாய் இருந்தவரை 'ம்' என்றும் 'சரி' என்றும் சொல்லி அதை யாருக்கும் வலிக்காமல் வைத்திருந்தார். இவர்கள்தான் கருவி செய்து வெளியே எடுத்தார்கள். அது போதாது என்று அவள் கை வேறு தூக்கினாள்.

எனக்கும் ஒரு பதிவு இருந்து, அதைத் திறந்தால் என்ன இருக்கும் என்று நினைத்தாள். இளவரசுவிடம் மனதார 'நாம' என்று சொன்னது கடைசியாக எப்போது? அவன் எப்போது? சண்டை எதுவும் கிடையாது. இரண்டு பேருமே நல்லவர்கள். அந்தப் பெட்டியில் மட்டும் ஒன்றும் விழுவதில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். யோசனையை அங்கேயே விட்டுவிட வேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

துளசிமணி ஒரே ஒரு உண்மையைத்தான் கேட்டிருந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துகொண்டு பூங்கோதை அவளைக் கூப்பிட்டாள்.

"பார்த்தேங்க," என்று ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்றதுக்கு முன்னால நானு ஒண்ணு சொல்லிக்கறேன் அம்மிணி." துளசிமணியின் குரலில் அவசரம் இருந்தது. "அப்டேட்டு வந்தும் எங்கூடுன்னதும் எனக்கு விட்டுப்போச்சு. ஞாயித்துக்கெழமை பொண்ணு வந்திருந்துச்சு. சரி, இதான் நேரம்னு ரெண்டு சீலையைப் பையில போட்டுட்டு வாசலுக்கு வந்துட்டேன். செருப்புல கால் விடறேன். உள்ளிருந்து சத்தமா வருது. எங்க துளசி."

பூங்கோதை ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"எங்க துளசின்னாருங்க. பொண்ணுகிட்டத்தான். எங்க ஊடு, எங்க தோட்டம்னு சொல்ற அதே மாதிரி, எங்க துளசி. இத்தனை வருசத்துல ஒரு நா அப்படிச் சொன்னதில்ல. பையைக் கீழ வெச்சுட்டு உள்ள போயிட்டேன்."

பூங்கோதை பேசிக்கொண்டே பதிவைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை. மகளிடம் சொன்னது. கருவி அதை எந்தப் பெட்டியிலும் போடவில்லை. வகை, கேள்வி. பொருள், இடம். அவர் துளசி எங்கே என்றுதான் கேட்டிருக்கிறார். குரலி கேள்விகளை ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாகச் சொல்லும். அதுவும் ஒரு மைனர்.

"அம்மிணி? இருக்கறீங்களா?"

"இருக்கேங்க."

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே."

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் பூங்கோதை. "பார்த்துட்டே இருக்கோம்னு சொல்லத்தான்."

"பாருங்க பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அவசரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மருத்துவமனையில் நோயாளி ஒருவர் 'மாத்திரை குடுத்தாச்சு' என்றார். 'குடுத்தாச்சு?' என்று கேட்டது கேள்வி, தொனி இல்லாததால் வந்தது செய்தி. நர்ஸ் கொடுத்தாகிவிட்டது என்று நினைத்துப் போய்விட்டார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வியாழக்கிழமை கேள்வியின் தொனி முதலிடத்தில் இருந்தது.

"இதுல யாருக்காவது மறுப்பு உண்டா?" என்றான் ஜெரால்ட்.

'எங்க துளசி'யும் இனி கேள்வியாகவே ஒலிக்கும் என்று பூங்கோதை நினைத்தாள். மறுப்புச் சொன்னால் ஒரு ரிலீஸ் தள்ளிப்போகும். எத்தனையோ வார்டுகளில் எத்தனையோ பேர் மாத்திரை வந்ததா என்று கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள்.

"இல்ல," என்றாள். "சீக்கிரம் பண்ணணும்."

"ஆச்சரியமா இருக்கு. நாம ரெண்டு பேரும் ஒத்துப்போறோம்."

"குரலோட தொனி மாறுதில்ல? வீட்டுல இருக்கறவங்ககிட்டச் சொல்லி ஒப்புதல் வாங்கணும். வேண்டாம்னா விட்டுடணும். விதி அதுதான்."

"யாரு அக்கா வேண்டாம்னு சொல்லப்போறாங்க?" என்றான் முபாரக்.

ஒப்புதல் கேட்கும் செய்தி எல்லோருக்கும் தானாகப் போகும். ஒரே ஒருவருக்கு மட்டும் அதை நிறுத்திவைத்துவிட்டு அவளே கூப்பிட்டாள். சென்னியப்பனின் பதிவில், முடிவெடுப்பவர் என்ற இடத்தில் மனைவி என்று இருந்தது.

"புதுசா ஒரு அப்டேட் வருதுங்க," என்றாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். "இதுவரைக்கும் அவர் கேள்வி கேட்டா, கேள்வி மாதிரி இருக்காது. தட்டையா வரும். இனிமே கேள்வின்னா கேள்வி மாதிரியே கேட்கும். நல்ல அப்டேட்தான். ஆனா உங்களுக்கு வேணுமான்னு..."

அந்தப் பக்கம் கோழிகள் மட்டும். ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசை.

"கேள்வியெல்லாம் கேள்வியாட்டவே கேக்குமுங்களா?"

"ஆமாங்க. எல்லாக் கேள்வியும்."

"ஆஸ்பத்திரிக்காரங்களுக்கெல்லாம் அது வேணுமாட்ட இருக்குது."

"அவங்களுக்குக் கட்டாயம் வேணுங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு அவங்க இஷ்டம்."

"அவரு என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியுமுங்க. மாத்திரையா, தண்ணியா, வெளிக்குப் போகணுமா, மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்." பாத்திரத்தை மறுபடி எடுக்கும் ஓசை. "வேண்டாம் அம்மிணி. எங்களுக்கு இதே போதும்."

எங்களுக்கு. பூங்கோதை அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றாள். அங்கே நிற்பதில் அவளுக்கு வருத்தம் இருக்கவில்லை.

"பின்னால மனசு மாறினா..." என்று அவள் விதிப்படி சொல்லத் தொடங்கியபோது, துளசிமணிக்குப் பின்னாலிருந்து, வீட்டின் உள்ளேயிருந்து, ஒரு ஆண்குரல் வந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை.

"எங்க துளசி."

துளசிமணி ஃபோனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் குரல் தூரத்திலிருந்தும் தெளிவாகக் கேட்டது. காணாமல் தேடுகிறவருக்குச் சொல்லும் பதிலை, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், வெகுநாளாகச் சொல்லிப் பழகியவளைப் போலச் சொன்னாள்.

"இங்கதானுங்க இருக்கறேன்."